தெளிந்த நீரும் தெளியாத பொறுப்பும்

மழை பிடித்துவிட்டால் ஊவா மலைகளிலே பீலித் தண்ணீரின் நிறம் மாறிவிடுகின்றது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎல, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என எத்திசையில் நடந்தாலும் இதே காட்சிதான். மலையுச்சியின் ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ குழாய்வழி இறங்கி வரும் நீர், செம்மண் கரைந்து தேநீர் நிறத்திலே லயத்து வாசலை வந்தடைகின்றது. அந்த நீரைத்தான் குழந்தை குடிக்கின்றது. அந்த நீரிலேதான் உலை வைக்கின்றார்கள். யூலை, ஆகஸ்ட் மாதங்களின் வறண்ட காற்றிலே விளையும் ஊவாத் தேயிலையின் மணத்தை உலகச் சந்தை போற்றுகின்றது. அந்தத் தேயிலையைப் பறிக்கும் கை ஒரு கோப்பை தெளிந்த நீருக்கு ஏங்கி நிற்கின்றது என்பதை அச்சந்தை அறியுமா?

ஊவாவின் நீர்த்துயரம் மழையோடு முடிவதுமன்று. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப் பாதையைத் தோண்டியபோது, 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நிலத்தடி நீர் அச்சுரங்கத்துக்குள்ளே பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு வந்து குரல் எழுப்பினர். 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி மீரியபெத்தையிலே மலையே சரிந்து லயங்களை விழுங்கிற்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, மிகக் கொடிய அடி வாங்கிய மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மண்சரிவு வந்த மலையிலே முதலில் சாவது மனிதன். அடுத்துச் சாவது குடிநீர்.

ஆகவே, கலங்கிய நீரைத் தெளிவிப்பது எப்படி என்னும் கேள்வி விஞ்ஞான ஆய்வுகூடத்தின் கேள்வி மாத்திரமன்று. தோட்டத்தின் அன்றாடக் கேள்வி. இந்தக் கேள்விக்கு இன்று விற்பனையாளர் கொண்டுவரும் விடைகளுள் ஒன்று, வெண்ணிறத் தூள் நிறைந்த ஒரு மூட்டை. அந்தத் தூளைப் பற்றியும், அதைக் கையாளும் தொழிலாளியின் உயிரைப் பற்றியும் இவ்வாரம் எழுத விரும்புகின்றோம்.

நீரைத் தெளிவிக்கும் வித்தை நமக்குப் புதியதன்று. தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்திலே உரைத்துவிட்டு, கலங்கல் நீரை ஊற்றி வைத்த பாட்டிமார் வாழ்ந்த இனம் நமது இனம். கலித்தொகைப் புலவனுக்கே இச்செய்தி தெரிந்திருந்தது. சிங்கள மக்கள் அதே கொட்டையை இங்கினி என்று அழைத்து, அதே பயனைக் கொண்டனர். அதன் பின்னர் சீனக்காரம் என்னும் படிகாரம் வந்தது. பட்டினங்களிலே நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தபோது அலுமினியம் சல்பேற்று தொன் கணக்கிலே இறங்கிற்று. இப்போது உலகெங்கும் அதற்குத் துணையாகப் பயன்படுவது பல்பகுதியத் தூள். வியாபாரிகள் இதைப் பொலிமர் என்கின்றார்கள். இவற்றுள் பெரும்பாலானது பொலியக்கிரிலமைட் என்னும் இனத்தைச் சேர்ந்தது.

இத்தூள் செய்யும் வேலை யாது? நீரைக் கலக்கும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. பெரும்பாலும் எதிரேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதனால் அவை அடியிலே படிவதில்லை. படிகாரம் அந்த ஏற்றத்தைத் தணிக்கின்றது. பல்பகுதியமோ, இலட்சக்கணக்கான கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி போன்றது. அந்தச் சங்கிலி பல துகள்களை ஒருசேரப் பற்றி இழுத்துத் திரளாக்குகின்றது. திரள் கனத்து அடியிலே படிகின்றது. மேலே தெளிந்த நீர் நிற்கின்றது. ஒரு லீற்றர் நீருக்கு ஒரு மில்லிகிராமிலும் குறைவான அளவே பல இடங்களில் போதுமானது. தேற்றாங்கொட்டை செய்ததும் இதே வேலைதான். அதனுள்ளே இருப்பதும் இயற்கை தந்த பல்பகுதியந்தான்.

அப்படியானால் அச்சம் எதற்கு என்று கேட்கலாம். முறைப்படி செய்யப்பட்ட பொலியக்கிரிலமைட், தன்னளவிலே பெரிய நஞ்சன்று. வீண் பீதியைக் கிளப்புவது எமது நோக்கமுமன்று. ஆனால் அந்தச் சங்கிலியைக் கோக்கப் பயன்படும் ஒற்றைக் கண்ணிக்கு அக்கிரிலமைட் என்று பெயர். அது நரம்புகளைத் தாக்கும் நஞ்சு. கைகால் விறைத்தல், உள்ளங்கையின் தோல் உரிதல், நடை தள்ளாடுதல் என்பன அதன் அடையாளங்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று கருதத்தக்க பொருள்களின் வரிசையிலே, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994இல் அதைச் சேர்த்தது. தூளாக விற்கப்படும் பல்பகுதியத்திலே, கோக்கப்படாது மிஞ்சிய கண்ணி சிறிதளவு எப்போதும் இருக்கும். எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்பதே கேள்வி.

குடிநீரிலே அக்கிரிலமைட் ஒரு லீற்றருக்கு 0.5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கணக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சக் கண்ணி 0.05 சதவீதத்துக்கு மேற்படாத தூளை, லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் இட்டால் மிகக் கூடிய அளவாக வருவது அந்த 0.5 மைக்கிரோகிராமே. தூள் தரங்குறைந்ததாக இருந்தாலோ, அளவு பத்து மடங்கு கூடினாலோ எல்லை அந்தக் கணமே உடைந்துவிடும். கழிவுநீருக்கென்றும் மண்ணுக்கென்றும் விற்கப்படும் மலிவான தூளைக் குடிநீரிலே இடலாகாது என்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு மூட்டைகளும் பார்வைக்கு ஒன்றே, உள்ளிருப்பது வேறு.

இந்தக் கண்ணியின் கொடுமையை உலகம் பட்டறிந்திருக்கின்றது. யப்பானிலே ஒரு கிணற்றின் அருகே நிலத்தை இறுக்குவதற்காக அக்கிரிலமைட் செலுத்தப்பட்டது. அது கிணற்றிலே ஊறி லீற்றருக்கு 400 மில்லிகிராம் அளவிலே கலந்தது. அந்நீரைப் பருகிய ஐவர் கொண்ட குடும்பம் மனங்குழம்பி, நடை தள்ளாடி நோயுற்ற செய்தியை 1975இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். சுவீடனின் தென்பகுதியிலே ஹாலாண்ட்சோஸ் மலையைக் குடைந்து ரயில்பாதை அமைத்தபோது, சுரங்கத்துக்குள்ளே பாய்ந்த நீரை அடைக்க முடியாமல் அக்கிரிலமைட் கலந்த அடைப்புச் சாந்தைச் செலுத்தினர். 1997இல் அருகிலுள்ள ஓடையிலே மீன்கள் செத்து மிதந்தன. அந்நீரைக் குடித்த பசுக்கள் கால் வழங்காமல் விழுந்தன. சுரங்கத் தொழிலாளரின் நரம்புகளும் பாதிக்கப்பட்டன. சுரங்கம் குடைந்து கிணறு வற்றிய பண்டாரவளை மக்கள் இச்செய்தியைக் கருத்திற் கொள்ள வேண்டும். மலையைத் தோண்டுவோர் நீரைத் தடுக்க எதைச் செலுத்துகின்றனர் என்று கேட்கும் உரிமை, அந்த மலையின் நீரைக் குடிப்பவனுக்கு உண்டு.

இனி, தூளைக் கையாளும் முறைக்கு வருவோம். அது கம்பனியின் காரியாலயத்திலே கரைவதில்லை. அதைக் கரைப்பவன், விடியற்காலையிலே பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தண்ணீர்த் தொட்டி வேலைக்கென்று அனுப்பப்படும் தொழிலாளி. அவனுக்குச் சொல்லப்பட வேண்டியவை சிலவே. சொல்லாமல் விட்டால் விளையும் கேடோ பெரிது.

தூள் நுண்ணியது, மூட்டையைக் கொட்டும்போது காற்றிலே எழும், கண்ணையும் சுவாசத்தையும் உறுத்தும். மூக்கு மூடியும் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். அடைபட்ட அறையிலே அடர்ந்து பறக்கும் தூசி, தீப்பொறி கண்டால் வெடிக்கவும் கூடும். ஆகையால் அங்கே பீடியுமாகாது, விளக்குமாகாது. தூள் நிலத்திலே சிந்தினால் நீரூற்றிக் கழுவ முற்படக்கூடாது. நீர் பட்ட மாத்திரத்திலே அது பாசியினும் வழுக்கும் களியாகிவிடும். சீமெந்துத் தரையிலே கால் வைத்தவன் இடுப்பொடிந்து விழுவான். உலர்ந்த நிலையிலேயே கூட்டி அள்ள வேண்டும். நனைந்துவிட்டால் மணலோ மரத்தூளோ தூவி அள்ளிய பின்னரே கழுவ வேண்டும். கண்ணிலே பட்டால் பதினைந்து நிமிடமாவது சுத்தமான நீரால் கழுவி, வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். கழுவிய நீரை ஓடையிலே விடலாகாது. நேரேற்றம் கொண்ட பல்பகுதியம் மீனின் செவுள்களிலே படிந்து அதைக் கொல்ல வல்லது. நமது ஓடைகள் பதுளு ஓயாவிலே கலந்து, அதன்வழியே மகாவலியைச் சேர்கின்றன.

கரைப்பதற்கும் ஒரு முறையுண்டு. தூளின்மேல் நீரை ஊற்றலாகாது; சுழன்று கொண்டிருக்கும் நீரிலே தூளைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். ஒருசேரக் கொட்டினால் வெளியே பசையும் உள்ளே உலர்ந்த தூளுமாகக் கட்டி தட்டிவிடும்; அந்தக் கட்டி பின்னர் கரைவது அரிது. இருநூறு லீற்றர் பீப்பாய்க்கு இருநூறு கிராம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குக் கரைசல். மெதுவாகக் கலக்கிக் கொண்டிருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலே அது பக்குவமாகும். வேகமாகச் சுழற்றினால் சங்கிலி அறுந்துபோம். அறுந்த சங்கிலி துகளைப் பற்றாது.

இங்கேதான் நெருப்பின் ஆசை தலைதூக்குகின்றது. ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் மார்கழிக் குளிரிலே நீர் சில்லிட்டுக் கிடக்கும். குளிர்ந்த நீரிலே தூள் மெதுவாகவே கரையும். பொறுமையிழந்தவன் பீப்பாயின் கீழே விறகு மூட்ட நினைப்பான். அல்லது கொதிநீரைக் கொண்டுவந்து ஊற்றுவான். இரண்டும் தவறு. வெதுவெதுப்பான நீர் உதவும். ஐம்பது பாகைக்கு மேற்பட்ட சூடோ சங்கிலியைச் சிதைத்துத் தூளின் ஆற்றலைக் கெடுத்துவிடும். ஆற்றல் குன்றிய கரைசல் நீரைத் தெளிவிக்காது. தெளியவில்லையே என்று இன்னும் அதிகமாக இடுவார்கள்; மிச்சக் கண்ணியின் அளவு அப்படித்தான் குடிநீரிலே ஏறும். அவசரத்துக்கு மூட்டிய நெருப்பு, குழந்தையின் கோப்பையிலே போய் முடிகின்றது.

ஈரம் ஏறிய மூட்டையை அடுப்பருகிலோ, தேயிலைத் தொழிற்சாலையின் சூட்டடுப்புப் பக்கத்திலோ உலர்த்த நினைப்பது அதனினும் கேடானது. இருநூறு பாகையை நெருங்கும் சூட்டிலே தூள் சிதைந்து அமோனியாவையும், எரியுமாயின் நைதரசன் ஒட்சைட்டுகளையும் காபன் மொனொட்சைட்டையும் வெளிவிடும். வெறுமையான சாக்கை அடுப்பிலே எரிப்பதும் இத்தகையதே. அந்தச் சாக்கைக் கழுவி அரிசி கட்டி வைப்பது, நஞ்சை வீட்டுக்குள்ளே வரவேற்பதாகும். மூட்டை நனையாதபடி பலகைமேல், உலர்ந்த அறையிலே வைத்தால், காயவைக்கும் தேவையே எழாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை இன்னொன்று. கிருமியைக் கொல்ல நாம் இடும் குளோரின் தூளையும் இந்தத் தூளையும் ஒரே அறையிலே அடுக்கக் கூடாது. ஒரே கரண்டியால் அள்ளக் கூடாது. உலர்ந்த நிலையிலே ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் தூள் வல்லமை மிக்க ஒட்சியேற்றி. சேதனப் பொருளோடு சேர்ந்தால் சூடேறித் தீப்பற்றவும், நச்சு வாயுவைக் கக்கவும் கூடியது.

வீட்டிலே நீரைக் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணும் தாய்மாருக்கும் ஒரு சொல். கொதிக்க வைப்பது மிக நல்ல வழக்கம். அதைக் கைவிட வேண்டாம். வயிற்றோட்டத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் தரும் கிருமிகள் கொதிநீரிலே மடிகின்றன. ஆனால் நீரிலே கரைந்த இரசாயனம் கொதிப்பதனாலே போய்விடாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே இரசாயனத்தின் அளவைக் காக்கும் கடமை தாயின் அடுப்பின்மேல் சுமத்தத் தக்கதன்று. அது நீரை வழங்குபவனின் கடமை.

அந்தக் கடமை தவறினால் என்ன நேரும்? 1988 யூலை 6ஆந் தேதி இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியிலுள்ள லோவர்மூர் நீர் நிலையத்துக்கு, அவ்விடம் அறியாத லொறிச் சாரதி ஒருவர் அலுமினியம் சல்பேற்றைக் கொண்டு வந்தார். அங்கே அவரை வழிநடத்த ஆளில்லை. கையிலிருந்த சாவி தவறான தொட்டிக்கும் பொருந்திற்று. இருபது தொன் இரசாயனம் நேரே குடிநீரிலே கொட்டப்பட்டது. கமல்பேர்ட் நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஏறத்தாழ இருபதினாயிரம் மக்கள் அதைக் குடித்தனர். பல நாட்கள்வரை அதிகாரிகள் உண்மையை மக்களுக்குச் சொல்லவில்லை. செல்வமும் சட்டமும் படிப்பும் நிறைந்த நாட்டிலே, ஆளில்லாத ஒரு வாயிலும் பெயரில்லாத ஒரு தொட்டியும் இத்தனை கேட்டைச் செய்தன என்றால், எச்சரிக்கைப் பலகையே இல்லாத மலைத்தொட்டியைப் பற்றி என்ன சொல்வது?

இங்கே மொழிப் பிரச்சினையை எழுப்பாமல் இருக்க முடியாது. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் என்று கூறிற்று. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. தொழிலிலே பயன்படும் இரசாயனங்கள் பற்றி 1990இல் சர்வதேசத் தொழில் அமைப்பு நிறைவேற்றிய 170ஆம் இலக்கச் சமவாயம், அபாயமான பொருளின் எச்சரிக்கைக் குறி தொழிலாளிக்கு எளிதில் விளங்குமாறு அமைய வேண்டும் என்கின்றது. நாம் கேட்கின்றோம்: தோட்டக் களஞ்சியங்களிலே அடுக்கப்பட்டுள்ள இரசாயன மூட்டைகளுள் எத்தனையின்மேல் தமிழ் எழுத்து இருக்கின்றது? ஆங்கிலம் அறிந்தவர் துரையும் உத்தியோகத்தரும். மூட்டையைத் தூக்குபவனோ அதை வாசிக்க முடியாதவன். வாசிக்க முடியாத எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா?

பொறுப்பு யாருடையது என்று கேட்டாலோ, பந்தைத் தட்டிவிடும் விளையாட்டுத் தொடங்குகின்றது. தோட்டங்கள் 1970களிலே அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. கம்பனி, குடிநீர் அரசாங்கத்தின் வேலை என்கின்றது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய், பட்டினத்தின் எல்லையைத் தாண்டித் தோட்டத்தை எட்டுவது அருமை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தினது 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாகக் கொள்ளப்பட்டு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாக்களித்தும் வரிகொடுத்தும் வந்த மக்கள், சொந்தச் சபையின் சேவைக்கு அந்நியராயிருந்தனர். அந்தத் தடை 2018இலே திருத்தத்தால் நீக்கப்பட்டது. இன்று சட்டத்தைக் காட்டி ஒதுங்கிக் கொள்ளப் பிரதேச சபைகளுக்கு வழியில்லை. 1823இலிருந்து கணக்கிட்டு இருநூறாண்டு நிறைவை 2023இல் விழாவாகக் கொண்டாடினோம். விழா மேடையிலே வழங்கிய வாக்குறுதியை, தண்ணீர்த் தொட்டியின் அடியிலே படிந்த சேறு கேலி செய்கின்றது.

நாம் வற்புறுத்துவன இவை. முதலாவதாக, குடிநீரிலே இடப்படும் எந்த இரசாயனமும் குடிநீருக்கெனச் சான்று பெற்ற தரமுடையதாக இருத்தல் வேண்டும். அதன் மிச்சக் கண்ணி அளவைக் கூறும் பத்திரத்தை வாங்காமல் எந்தத் தோட்டமும் எந்தச் சபையும் ஒரு மூட்டையைக்கூடக் கொள்வனவு செய்யலாகாது. இரண்டாவதாக, மூட்டையின்மேலும் களஞ்சியக் கதவிலும் தொட்டியருகிலும் தமிழிலும் சிங்களத்திலும் எச்சரிக்கையும் அளவும் எழுதப்பட வேண்டும். மூன்றாவதாக, தூளைக் கரைக்கும் தொழிலாளிக்குப் பயிற்சியும் முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் இலவசமாக வழங்கப்பட வேண்டும். அவ்வேலைக்கு நாளுக்கொருவரை மாற்றி அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். நான்காவதாக, தோட்டங்களின் நீரைக் குறித்த காலந்தோறும் பரிசோதித்து, முடிவைக் கொழுந்து நிறுக்கும் இடத்திலே யாவரும் காணுமாறு ஒட்ட வேண்டும். ஐந்தாவதாக, ஊற்றுக்கண்ணைச் சுற்றியுள்ள காட்டைக் காத்து, மருந்தடிப்பதை அங்கே நிறுத்த வேண்டும். ஊற்று தெளிவாயிருந்தால் தூளின் தேவையே பாதியாகக் குறையும்.

இவையெல்லாம் கோடிகளைக் கேட்கும் கோரிக்கைகளல்ல. தமிழிலே ஒரு தாளை அச்சிடக் கோடி வேண்டுமா? ஒரு சோடிக் கையுறை வாங்கினால் கம்பனி முறிந்துவிடுமா? 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்ட ஈட்டுக் கட்டளைச் சட்டமும் நமது புத்தகங்களிலே இருக்கின்றன. விபத்து நேர்ந்த பின் நட்டஈடு கணக்கிடும் சட்டத்தைவிட, விபத்து நேராமல் காக்கும் ஒரு வரி அறிவுறுத்தல் மேலானது.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒன்று கூறுவோம். தெரியாத தூளைத் தொடுமுன், இது யாது, இதை எப்படிக் கையாள வேண்டும், இதற்குரிய காப்பு எங்கே என்று கேளுங்கள். கேட்பவனைக் கலகக்காரன் என்பார்கள், பரவாயில்லை. கையிலே பட்ட தூளின் தீங்கை அனுபவிப்பது நீங்கள். கலங்கிய நீரைக் குடிப்பது உங்கள் பிள்ளைகள். உங்கள் சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குச் செல்லும்போது, தண்ணீரையும் அந்த மேசைமீது வைக்கட்டும்.

அடுத்த மழை பதுளை மலைகளுக்கு வெகு தூரத்திலில்லை. அது பெய்வதற்குள் மாகாண நிர்வாகமும், நீர்வழங்கல் சபையும், பிரதேச சபைகளும், தோட்டக் கம்பனிகளும் ஒன்றுகூடித் தத்தம் பங்கை எழுத்திலே வகுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகின்றோம். நீரைத் தெளிவிக்கும் தூள் கடையிலே கிடைக்கும். பொறுப்பைத் தெளிவிக்கும் தூளை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அதை மக்களின் குரலே செய்தாக வேண்டும்.